“மாடுகள் புல் தின்றான்”: மூன்றாம் வகுப்புக்கு எழுவாய் பயனிலை இயைபு, பிள்ளைகள் கையால் செய்து கற்க என்ன வழி?

மூன்றாம்வகுப்பு_டீச்சர் (ஒட்டன்சத்திரம் பக்கம்):

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. மொத்தம் 23 பிள்ளைகள், மூன்றாம் வகுப்பில் மட்டும் 9 பேர். நேற்று ‘எங்கள் வீடு’ என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பையன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“எங்கள் வீட்டில் நாலு மாடு இருக்கிறார்கள். மாடுகள் புல் தின்றான். அம்மா பால் கறந்தது. நான் பால் குடித்தான். அக்கா பள்ளிக்கு போனது.”

கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ‘கறந்தது’ என்பதில் வல்லின றகரம்கூடச் சரி. ஆனால் ஐந்து வரியிலும் முடிவு தப்பு. எனக்குப் புரியாதது என்னவென்றால், பேசும்போது இதே பையன் “நான் பால் குடிச்சேன் டீச்சர்” என்றுதான் சொல்வான். ‘நான் குடிச்சான்’ என்று அவன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. வாயில் இருப்பது பென்சில் பிடித்ததும் எங்கே போகிறது?

கரும்பலகையில் அட்டவணை போட்டு ‘அவன் – ஆன், அவள் – ஆள்’ என்று கோரஸாகச் சொல்ல வைத்துவிட்டேன். அழகாக ஒப்பிக்கிறார்கள். மறுநாள் நோட்டில் பழைய கதைதான். கோடிட்ட இடம் நிரப்பினால் எல்லாம் சரியாக வருகிறது, சொந்தமாக எழுதினால் வருவதில்லை. பிள்ளைகள் கையில் எடுத்து, பொருத்தி, மாற்றிப் பார்க்கிற மாதிரி எதையாவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். செலவு குறைவாக இருந்தால் நல்லது.

பயிற்சி_மாணவி:

டீச்சர், நாங்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் ஜோடி சேர்க்கும் விளையாட்டு வைத்தோம். ஒரு கட்டு அட்டையில் அவன், அவள், அவர், அது, அவர்கள். இன்னொரு கட்டில் ஓடினான், ஓடினாள், ஓடினார், ஓடியது, ஓடினார்கள். கவிழ்த்து வைத்து இரண்டிரண்டாகத் திருப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது, பத்து நிமிடத்தில் எல்லா ஜோடியையும் சேர்த்துவிட்டார்கள்.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:

நன்றிம்மா. இதை நானும் போன வருடம் செய்தேன். அப்போது ஒன்று கவனித்தேன். ஒரு பாப்பா அட்டையின் முன்பாதியை விரலால் மறைத்துக்கொண்டு ஜோடி சேர்த்தாள். அவன்–ஓடினான், இரண்டுக்கும் கடைசியில் ன். அவள்–ஓடினாள், இரண்டுக்கும் ள். அவர்–ஓடினார், ர். அது–ஓடியது, து. வாசிக்கவே தேவையில்லை, கடைசி எழுத்தைப் பார்த்தால் போதும். ‘அவள்’ அட்டையை எடுத்துவிட்டு ‘அக்கா’ அட்டையை வைத்ததும் அத்தனை பேரும் திகைத்து நின்றார்கள்.

அட்டைக்காரர் (விழுப்புரம் மாவட்டம்):

டீச்சர், உங்கள் கவனிப்பில்தான் பாதி விடை இருக்கிறது. நம் மொழி மூவிடப் பெயரிலேயே விடையை ஒட்டி வைத்திருக்கிறது. அவன், அவள் என்று அட்டை போட்டால் பிள்ளை காதையும் மூளையையும் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பயன்படுத்தும். அதனால் முதல் விதி: எழுவாய் அட்டையில் மூவிடப் பெயர் கூடாது. முருகன், வள்ளி கூடாது, அவையும் ன், ளி என்று காட்டிக்கொடுத்துவிடும். தம்பி, அக்கா, மாமா, பாட்டி, கோழி, ஆடுகள், பேருந்து இப்படி எழுதுங்கள். ‘தம்பி’ என்பதில் ‘கிறான்’ எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. தம்பி என்றால் பையன் என்று யோசித்தே ஆக வேண்டும்.

நான் 2007-ல் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாமே செய்து கற்கும் முறை) மாநிலம் முழுக்க வந்த காலத்திலிருந்து அட்டையோடு குடும்பம் நடத்துகிறவன். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி எங்களிடம் வந்தபோது பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படி, அட்டைத் தட்டு, அட்டைச் சின்னம் எல்லாம் புதிதாக இருந்தது. அதிலிருந்து கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்பதுதான் விஷயம்.

எல்லோரும் செய்கிற தவறு, இறந்தகாலத்தில் தொடங்குவது. ‘வந்தான்’ என்பதை எங்கே வெட்டுவீர்கள்? இலக்கணப்படி ‘வந்த்’ + ‘ஆன்’. ‘வந்த்’ என்று எட்டு வயதுப் பிள்ளையால் வாசிக்க முடியாது, வாசித்தாலும் அதற்கு ஒன்றும் விளங்காது. ‘வந்’ + ‘தான்’ என்று வெட்டினாலும் ‘வந்’ ஒரு சொல் இல்லை. அடுத்த வினைக்குப் போனால் பாடினான், அங்கே ‘தான்’ பொருந்தாது. போனான், சாப்பிட்டான், நின்றான் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பிள்ளை விகுதியைக் கற்பதற்குப் பதிலாக ஒட்டு வேலையில் மாட்டிக்கொள்ளும்.

நிகழ்காலத்துக்கு வாருங்கள். ஓடு, பாடு, ஆடு, தேடு, எழுது, தூங்கு, பேசு, கழுவு, ஏறு, தாவு, துள்ளு. எல்லாம் முழுச் சொல். பிள்ளைக்குத் தெரிந்த சொல், கட்டளையாகச் சொன்னால் எழுந்து செய்யும் சொல். அதன் பின்னால் கிறேன், கிறோம், கிறாய், கிறீர்கள், கிறான், கிறாள், கிறார், கிறார்கள், கிறது, கின்றன என்ற பத்தில் எதை வைத்தாலும் நறுக்கென்று உட்காரும். வினை அட்டையும் அழியாது, விகுதி அட்டையும் உடையாது. பத்தே பத்து வால் அட்டை, பதினொரு வினை அட்டை. 110 சொல் கையில் வந்துவிடுகிறது.

படி, குடி, நட, குதி, பற, சிரி ஆகியவற்றை முதல் இரண்டு வாரம் கண்ணில் காட்டாதீர்கள், அவற்றுக்கு நடுவில் ‘க்’ வேண்டும். பிறகு ‘க்’ மட்டும் எழுதிய சிறு சிவப்புத் துண்டை நடுவில் வைக்கச் சொல்லலாம். வா, நில், கேள் இன்னும் பின்னால்.

அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைதான் சிறந்தது. கெட்டியாக இருக்கும், பின்பக்கம் வெறுமையாக இருக்கும், ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும். வால்களைத் துணிக்கிளிப்பில் எழுதினேன். ஒரு டஜன் கிளிப் வாங்கினால் பத்துக்கும் சரியாகிவிடும். அட்டையைப் பக்கத்தில் வைப்பதைவிடக் கிளிப்பை அழுத்தி மாட்டுவதில் பிள்ளைக்கு ஒரு நிறைவு. விரல் வலுக்க வலுக்க எழுத்தும் திருந்தும், ஆனால் அது வேறு கதை.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:

சார், ஐந்து முறை படித்தேன். கத்தரிக்கோல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. போன வருடம் செய்த ‘வந்’ அட்டைகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன.

ஓசூர்_அம்மா:

நான் ஆசிரியை இல்லை, ஒரு தாய். “அக்கா பள்ளிக்கு போனது” என்ற வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் ‘அவள் வந்தாள்’ என்பதற்கும் ‘அது வந்தது’ என்பதற்கும் வினை ஒன்றுதான், ‘வச்சிந்தி’. ஆணுக்கு மட்டும் தனி முடிவு. என் மகள் இரண்டாம் வகுப்பில் “அம்மா வந்தது, பாட்டி சொன்னது” என்று எழுதியபோது அவளுடைய டீச்சர், பெரியவர்களை மரியாதை இல்லாமல் எழுதுகிறாள் என்று என்னிடம் வருத்தப்பட்டார். மரியாதைக் குறைவு இல்லை, வீட்டு மொழியின் கணக்கு அது. இங்கே ஓசூர் பக்கம் பாதி வகுப்பு அப்படித்தான். உங்கள் பையன் வீட்டில் என்ன மொழி என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:

அக்கா, இந்தப் பையன் வீட்டில் தமிழ்தான். ஆனால் எங்கள் ஊரில் “அக்கா வந்துச்சு, அம்மா சொல்லுச்சு” என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். நானே பேசுகிறேன். இன்னும் மூன்று பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு. அவர்கள் நோட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது: ஆண்பாலில் தவறே இல்லை, பெண்பாலில் மட்டும் ‘அது’. இரண்டு வருடமாக இந்த நோட்டுகளைத் திருத்துகிறேன், இது என் கண்ணில் படவில்லை.

பழைய_தமிழாசிரியர் (தஞ்சை):

இழையை முழுதும் படித்தேன். விளையாட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் திணை, பால், எண், இடம் என்ற நான்கு சொற்களைப் பிள்ளைக்குச் சொல்லாமல் கிளிப் மாட்டிக்கொண்டே இருந்தால் என்ன நிற்கும்? தொல்காப்பியத்தில் சொல்லதிகாரம் தொடங்குவதே கிளவியாக்கத்தில், கிளவியாக்கம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணையில். வினை காட்டும் பாலும் பெயர் காட்டும் பாலும் மயங்கக்கூடாது என்பது அங்கேயே விதி. நன்னூல் வழுக்களை, அதாவது சொற்பிழைகளை, ஏழாக எண்ணும்போது திணையும் பாலும் முதல் இரண்டு. ‘அக்கா வந்தது’ திணை வழு. பேச்சில் இருக்கிறது என்பதற்காக அதை வகுப்பறையில் விட்டுவிடக் கூடாது.

சிவப்புப்பந்து (சென்னை):

ஐயா, வணக்கம். விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் எட்டு வயதில் ‘திணை வழு’ என்று சிவப்பு மையில் எழுதினால் அந்தப் பிள்ளைக்குக் கேட்பது, ‘உன் அம்மா பேசுவது தப்பு’ என்பதுதான். பிறகு அது வாய் திறக்காது. எழுதுவதும் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

நான் மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்றவள். மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாற்றுக்கு வந்து பயிற்சி நடத்தியவர், போர் காரணமாக 1946 வரை நம் நாட்டிலேயே தங்கினார். அந்த முறையில் பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம். முதலில் காட்டும்போது முக்கோணம் கறுப்புப் பிரமிடாகவும் வட்டம் சிவப்புப் பந்தாகவும் இருக்கும். பெயர் அசையாமல் உட்கார்ந்திருக்கும், வினை உருண்டு ஓடும். இதைத் தமிழுக்கு நான் இப்படி மாற்றிக்கொண்டேன்.

பிள்ளைகள் வட்டமாக உட்கார்வார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு படம்: பாட்டி, தம்பி, கோழி, மூன்று வாத்து, இரண்டு பிள்ளைகள். நான் “தூங்கு” என்று சொல்லிச் சிவப்பு ரப்பர் பந்தை உருட்டுவேன். யாரிடம் போகிறதோ அவர் தன் படத்தைப் பார்த்து “பாட்டி தூங்குகிறார்”, “கோழி தூங்குகிறது” என்று சொல்லி நடித்துக்காட்ட வேண்டும். அடுத்த சுற்றில் அதே பிள்ளை தன் படத்தைத் திருப்பி வைத்துவிடும், அப்போது அது ‘நான்’: “நான் தூங்குகிறேன்.” எதிரில் இருப்பவரைக் கைகாட்டினால், “நீ தூங்குகிறாய்.” தன்மை முன்னிலை படர்க்கை என்று மூன்று சொல்லையும் பிறகுதான் சொல்லுவேன். அப்போது பிள்ளைகளே, “ஓ, அந்தப் பந்து விளையாட்டா?” என்பார்கள்.

உங்கள் பையன் “நான் பால் குடித்தான்” என்று எழுதியதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். அவன் எழுதப் பழகிய வாக்கியங்கள் எல்லாமே படர்க்கை. ராமு வந்தான், நாய் குரைத்தது. ‘நான்’ என்று தொடங்கி அவன் கை எழுதியதே இல்லை, வாய்தான் பேசியிருக்கிறது.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:

ஐயோ, உண்மை. அவன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம் இதற்கு முன் இரண்டே இரண்டு, அதுவும் கரும்பலகையைப் பார்த்து எழுதியது.

டொரண்டோ_சனிக்கிழமை_வகுப்பு:

வணக்கம் ரீச்சர். நான் இங்கே சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறேன். ஆறு தொடக்கம் ஒன்பது வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். எங்கட பிரச்சினை கொஞ்சம் வேற. வீட்டில அம்மம்மா பேசுறது “அவை வருகினம்”. அவை எண்டா மனுசர்தான், மாமா வீட்டார், அயலட்டை எல்லாரும். புத்தகத்தைத் திறந்தா ‘அவை’ எண்டது ஆடு மாடு. ஒரு பிள்ளை என்னிடம், “ஏன் ரீச்சர் எங்கட மாமாவை மாடு எண்டு எழுதியிருக்கு?” எண்டு கண் கலங்கிக் கேட்டது. அண்டையில இருந்து ‘அவை’ எண்ட அட்டையை எடுத்திட்டன். ‘மாடுகள்’, ‘பூனைகள்’ எண்டு நேராகவே எழுதுறன். ‘அவை’யைப் பத்து வயதுக்குப் பிறகு, இரண்டு விதமாகவும் சொல்லலாம், எழுத்தில் இது, அம்மம்மாவோட அது எண்டு விளங்கப்படுத்துவன்.

நீங்கள் கேட்டது கையால் செய்யிறது பற்றி. எனக்குப் பலன் தந்தது ஒரு கயிறு. வாக்கியத்தைப் பிள்ளைகளாலேயே செய்யிறது. “அக்கா” அட்டையோட ஒரு பிள்ளை இந்தப் பக்கம், “போகிறாள்” அட்டையோட ஒரு பிள்ளை அந்தப் பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில நீளக் கயிறு, இரண்டு பேரும் இறுக்கிப் பிடிக்க வேணும். பிறகு “கடைக்கு” வந்து நடுவில நிற்கும். “தம்பியோடு” வந்து நிற்கும். “நாய்களைப் பார்க்க” வந்து நிற்கும். பயனிலைக்குப் பக்கத்தில இப்ப நிற்கிறது நாய்கள். ஆனா கயிறு போறது அக்காவிட்ட. “யார் போகிறது?” எண்டு நான் கேக்க, கயிற்றை இழுத்தா அக்காதான் அசைவா. வினைக்குப் பக்கத்தில நிற்கிற சொல்லைப் பார்த்து முடிவு எழுதுற பழக்கம் இப்படித்தான் போனது.

அதே கயிற்றில “அக்காவும் தம்பியும்” எண்டு இரண்டு பேர் இந்தப் பக்கம் பிடிச்சா, அந்தப் பக்கம் “போகிறார்கள்” வந்தே ஆக வேணும். ‘தம்பியோடு’ எண்டதுக்கும் ‘தம்பியும்’ எண்டதுக்கும் வித்தியாசம் ஒரு கிழமையில பிடிபட்டுவிட்டது.

அட்டைக்காரர்:

கயிறு அருமை. நம் வாக்கியத்தில் எழுவாய் முதலில், வினை கடைசியில். நடுவில் எத்தனை சொல் வந்தாலும் பிள்ளை எழுவாயை மனதில் சுமந்துகொண்டே போக வேண்டும். பேச்சில் வாக்கியம் குட்டையாக இருப்பதால் சுமை தெரிவதில்லை. எழுதும்போது ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதிக் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் யாரைப் பற்றித் தொடங்கினோம் என்பது மறந்துபோகிறது. டீச்சர் முதலில் கேட்ட ‘வாயில் இருப்பது எங்கே போகிறது’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆங்கில_வகுப்பு (சேலம்):

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எங்களுக்கு ‘ஹி கோ’, ‘தே கோஸ்’ தான் தலைவலி. தமிழ்ப் பிள்ளைக்கு, வினை மாறும் என்பது ஏற்கெனவே தெரியும். ஆனால் பத்து வால் இருக்கும் இடத்திலிருந்து ஒரே ஒரு வால் இருக்கும் இடத்துக்கு வருகிறது. அதோடு பெயரில் ‘எஸ்’ சேர்ந்தால் பன்மை, அதனால் வினையில் ‘எஸ்’ சேர்ந்தாலும் பன்மை என்று நினைத்துக்கொள்கிறது.

நான் செய்வது: இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘எஸ்’ கிளிப். ஒருவர் ‘பாய்’ அட்டை, இன்னொருவர் ‘ரன்’ அட்டை. கிளிப் பாயிடம் இருந்தால் ‘பாய்ஸ் ரன்’, ரன்னிடம் போனால் ‘பாய் ரன்ஸ்’. இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது, இருப்பதே ஒன்றுதானே. ‘ஐ’, ‘யூ’ வந்தால் கிளிப் மேசைமேல் தூங்கும். ‘சில்ட்ரன்’ மாதிரிச் சொற்களில் இது உதவாது, அவற்றைத் தனியாகச் சொல்லிவிடுவேன்.

பழைய_தமிழாசிரியர்:

சிவப்புப்பந்து அம்மையாருக்கு. நீங்கள் சொன்னதை இரண்டு நாள் மனதில் போட்டுப் புரட்டினேன். முப்பது வருடம் சிவப்பு மையால் எழுதியவன் நான். எந்தப் பிள்ளையின் வாயை அடைத்தேனோ தெரியவில்லை, அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இலக்கணமே இதற்கு இடம் வைத்திருக்கிறது என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு இவற்றால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அது இயல்பே என்று நன்னூல் சொல்கிறது. வழுவமைதி என்று அதற்குப் பெயர். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது உவப்பினால் வந்த திணை வழுவமைதி. எல்லா ஆசிரியரும் சொல்லும் எடுத்துக்காட்டு. பசு ‘வந்தாள்’ ஆகலாம் என்றால், ஊர்ப் பாசத்தில் அக்கா ‘வந்துச்சு’ ஆனதையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம். ‘குழந்தை’ என்ற சொல்லும் அப்படி; குழந்தை அழுதது, குழந்தை சிரித்தான், இரண்டும் நம்மிடம் உண்டு.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் அந்த நான்கு சொற்களையும் பிள்ளை அறிந்திருக்கட்டும். பெயர் தெரிந்தால்தான் தன் தவறைத் தானே தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

சிவப்புப்பந்து:

இதில் எனக்கு மறுப்பே இல்லை ஐயா. நீங்கள் எழுதியது என் கண்ணை நிறைத்துவிட்டது.

பயிற்சி_மாணவி:

ஒரு சந்தேகம். கிளிப் சரியாக மாட்டுகிறார்கள் என்பதால் விதி பிடிபட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘தம்பி ஓடுகிறான்’ பல முறை கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கலாமே.

அட்டைக்காரர்:

நல்ல கேள்வி. 1958-ல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர் இதற்கு ஓர் எளிய வழி காட்டினார். யாரும் கேட்டிராத சொல்லைத் தானே உண்டாக்கி, படம் காட்டி, பிள்ளைகளை வாக்கியத்தை முடிக்கச் சொன்னார். கேட்டிராத சொல்லில் சரியான வாலை வைத்தால் விதி உள்ளே இருக்கிறது என்று பொருள். நாமும் செய்யலாம். ஒரு வெற்று அட்டையில் ‘டமுங்கு’ என்று எழுதுங்கள். டமுங்கு என்றால் ஒற்றைக் காலில் நின்று காதைப் பிடிப்பது என்று சொல்லிவிடுங்கள். “தம்பி டமுங்குகிறான். பாட்டி?” என்று நிறுத்துங்கள். சிரித்துக்கொண்டே விடை வரும்.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் காலாண்டுத் தேர்வு. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் பந்து மட்டும். எழுத்தே இல்லை. ‘நான்’ சுற்றைத் தினமும் வைத்தேன். இரண்டாம் வாரம் கிளிப். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்து 40 பத்திரிகை சேர்ந்துவிட்டது, ஒன்றில் மஞ்சள் மணம்கூடப் போகவில்லை. ‘ஆடு’ அட்டையை எடுத்த ஒரு பாப்பா, எழுவாயிலும் ஆடு, வினையிலும் ஆடு வைத்து “ஆடு ஆடுகிறது” என்று செய்துவிட்டு வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினாள். அன்று முழுவதும் அதே பேச்சு.

சிக்கல் ‘கின்றன’வில்தான். “மாடுகள் ஓடுகிறது” என்றே ஏழு பேர் மாட்டினார்கள். நாம் பேசுவதும் அப்படித்தானே, நானும் அப்படித்தான் பேசுகிறேன். அவசரப்படுத்தவில்லை. ஒரு பையன் மட்டும் “ஓடுகிறன” என்று தானே ஒரு கிளிப் எழுதிக் கொண்டுவந்தான். கிறது என்பதில் து போனால் பன்மை வரும் என்று அவனாகவே கணக்குப் போட்டிருக்கிறான். திருத்துவதற்கு முன் அவனைத் தட்டிக்கொடுத்தேன்.

தெலுங்கு பேசும் மூன்று பேரிடமும், “உங்கள் வீட்டு மொழியில் அக்காவுக்கும் கோழிக்கும் ஒரே கிளிப், தமிழில் அக்காவுக்குத் தனிக் கிளிப்” என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒருத்தி நோட்டில் பழைய பக்கத்துக்குப் போய்த் தானே அழித்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

‘டமுங்கு’ ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு வந்துவிட்டது. ஒன்பதாவது பிள்ளை விழுந்து விழுந்து சிரித்ததில் விடையே சொல்லவில்லை.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். நேற்று மறுபடியும் ‘எங்கள் வீடு’ எழுதினான்: “எங்கள் வீட்டில் நாலு மாடுகள் இருக்கின்றன. நான் பால் குடிக்கிறேன். அக்கா தம்பியோடு பள்ளிக்கு போகிறாள். மாடுகள் புல் தின்கிறது.” கடைசி வரியைச் சுழிக்கவில்லை. ‘இருக்கின்றன’ வந்திருக்கிறது, ‘தின்கின்றன’வும் வரும்.

பிறகு ஒரு கேள்வி கேட்டான். அவர்கள் வீட்டில் கன்று போட்டிருக்கிறதாம், செவலைக் காளைக்கன்று. “டீச்சர், அது ஆம்பள கன்னுதானே, அப்போ கிறான் கிளிப் போடணுமா?” என்றான். மனிதர்களுக்குத்தான் ஆன், ஆள். கன்று ஆணானாலும் பெண்ணானாலும் எழுதும்போது கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ‘கன்று’ அட்டையில் ‘துள்ளு’ வைத்து ‘கிறது’ மாட்டினான். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, “எங்க செவல இந்நேரம் அவுத்துக்கிட்டு ஓடியிருப்பான் டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

பழைய_தமிழாசிரியர்:

ஓடியிருப்பான்! உவப்பினால் வந்த திணை வழுவமைதி. அந்தப் பிள்ளைக்கு என் ஆசியைச் சொல்லுங்கள் அம்மா. கன்றுக்கும்.